ராத்திரி பத்து மணிக்குப் பசிக்காத சமையல்

கேள்வி இதுதான்: தருமபுரி டவுனில் வாடகை வீடு, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரே சம்பளம். மளிகைச் செலவைக் குறைக்க வேண்டும். ஆனால் எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைகள் பத்து மணிக்கு மறுபடியும் பசிக்கிறது என்கிறார்கள். களி கிண்டினால் கட்டி கட்டியாக நிற்கிறது. கொள்ளு பத்து விசில் விட்டும் கல்லாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். களி பதமாக வந்து, கொள்ளு ஒழுங்காக வெந்தால் பத்து மணிப் பசி பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி பருப்பின் அளவில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் நாலு பேருக்குச் சாம்பார் வைக்கும்போது போடும் துவரம்பருப்பு ஒரு கைப்பிடி, மிஞ்சினால் 70 கிராம். அதில் தண்ணீரை ஊற்றி, புளியைக் கரைத்து, ரேஷன் அரிசிச் சோற்றைத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டால் வயிறு அப்போதைக்கு முட்டும், இரண்டு மணி நேரத்தில் காலியாகும். அரிசி இலவசமாகக் கிடைப்பதால் அதையே கூட்டிக்கொண்டு போகிறோம். செலவு அரிசியில் இல்லை. பாக்கெட் தோசை மாவு, பாக்கெட் மசாலா, எண்ணெய், கேஸ், பசிக்கிறது என்றதும் ஓடிப்போய் வாங்கும் பிஸ்கட், பன், இவற்றில்தான் காசு போகிறது. ஆகவே கணக்கை இப்படி மாற்றுங்கள்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் பயறு அல்லது பருப்பு, நாலு பேருக்கு 200 கிராம். 200 மில்லி டம்ளரில் ஒன்றேகால் டம்ளர் கொள்ளு ஏறத்தாழ அந்த எடை வரும். அது துவரையாக இருக்க வேண்டியதில்லை. விலையில் இறங்கிய எதுவும் சரி: கொள்ளு, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு. கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, துவரைக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். விலை மட்டும் வேறு.

ரேஷன் கடையில் துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இந்த இரண்டையும் எந்த மாதமும் விடாதீர்கள். அரிசி அட்டைக்கு உறுப்பினர் கணக்கைப் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரை வரும். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் 2 கிலோவைக் கழித்து அதற்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். உங்கள் கடையில் ராகி வந்திருக்கிறதா என்று மாத ஆரம்பத்திலேயே கேளுங்கள். கார்டு சொந்த ஊர் முகவரியில் இருந்தாலும் தமிழ்நாட்டுக் கார்டுக்கு இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம்.

இனி களி.

ராகியை மாவாக வாங்காமல் தானியமாக வாங்குங்கள். கல், மண் பார்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மில்லில் அரைக்கக் கொடுப்பது பாக்கெட் மாவைவிட மலிவு. மிளகாய் அரைத்த கையோடு உங்கள் ராகியைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு எடுத்து வையுங்கள். ஒரு தடவைக்கு 3 கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம். ராகி மாவு நாள்பட்டால் லேசாகக் கசக்கும், அந்தக் கசப்பு எந்தக் குழம்பாலும் மறையாது. களிக்கு மாவு கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அடைக்கு மட்டும் நைசாக வேண்டும்.

நாலு பேருக்கு அளவு: 200 மில்லி டம்ளரில் மூன்றரை டம்ளர் ராகி மாவு (சுமார் 400 கிராம்), அரை டம்ளர் நொய் (சுமார் 80 கிராம்), 9 டம்ளர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. நொய் கடையில் தனியாக வாங்க வேண்டியதில்லை. ரேஷன் அரிசியை மிக்சியில் இரண்டு சுற்று சுற்றினால் நொய்தான். அடி கனமான பாத்திரம் வேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் களி கிண்டினால் அடி பிடித்துத்தான் தீரும்.

தண்ணீர் கொதித்ததும் நொய்யைக் கழுவிப் போட்டு, விரலில் நசுங்கும்வரை 10, 12 நிமிடம் வேகவிடுங்கள். இதற்குள் ஒரு கிண்ணத்தில் மாவிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். நொய் வெந்ததும் பாத்திரத்திலிருந்து ஒரு டம்ளர் கொதிநீரை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பிறகு கரைத்த மாவை ஊற்றிக் கிளறினால் தண்ணீர் லேசாகக் கொழகொழப்பாகும். அது தளதளவென்று கொதிக்கும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கொட்டியதும் கை பரபரக்கும், கிளறாதீர்கள். துடுப்பின் (களி கிண்டும் கட்டை) காம்பால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு குழி போடுங்கள், அதன் வழியாகக் கொதிநீர் மேலே ஏறி வரும். தீயைக் குறைத்து, மூடி, 6, 7 நிமிடம் விட்டுவிடுங்கள். மாவின் மேல் வெள்ளையாக உலர்ந்து தெரிந்த இடமெல்லாம் நனைந்து கருத்திருந்தால் கிளறும் நேரம் வந்துவிட்டது.

அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தரையில் துணிச் சும்மாட்டின் மேல் வைத்து, ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆளையோ பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் பழைய கவைக்கோலையோ வைத்துக்கொண்டு கிண்டுங்கள். சுற்றிச் சுற்றிக் கிண்டுவது பாயசத்துக்கு. களிக்குத் துடுப்பை ஓரத்தில் இறக்கி, பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தி இழுக்க வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் கட்டி உடையும். இறுக்கமாக இருந்தால் எடுத்து வைத்த கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மூன்று நிமிடக் கிண்டலில் மாவு ஒரே திரளாகச் சேர்ந்து பாத்திரத்தை விட்டுப் பிரியும். மறுபடி அடுப்பில் மிகச் சிறு தீயில் மூடி 4 நிமிடம் புழுங்கவிடுங்கள். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், இன்னும் மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு நனைத்த கிண்ணத்தில் போட்டு உருட்டிக் கவிழ்த்தால் ஆளுக்கு இரண்டு உருண்டை வரும்.

உங்களுக்குக் கட்டி விழுவதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் முழுதாகக் கொதிக்கும் முன் மாவு போடுகிறீர்கள். அல்லது மாவு போட்டதும் கிளறுகிறீர்கள். அப்போது வெளிப்பக்கம் மட்டும் வெந்து தோல் கட்டிக்கொள்கிறது, உள்ளே பச்சை மாவு சிக்கிவிடுகிறது. அல்லது கடைசியில் இறுகிவிட்டதென்று பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மூன்றாவது தவறு வெளியே தெரியாது. களி பார்க்க நன்றாக இருக்கும், சாப்பிட்டால் மாவு வாசனை அடிக்கும்.

ஒரு விஷயம். களியாக இருந்தால்தான் வயிற்றில் நிற்கும். அதே மாவைத் தண்ணியாகக் கூழ் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் செரித்துவிடும். ராகி என்றாலே சர்க்கரை ஏறாது என்று நினைத்துக்கொண்டு மூன்று சொம்பு கூழ் குடிப்பவர்கள் நம் ஊரில் நிறைய. ராகியிலும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். அதன் பலம் நார்ச்சத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் இருக்கிறது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அது பெயருக்குத்தான்.

கொள்ளு வேகாததற்கு நீங்கள் விசிலைக் குறை சொல்கிறீர்கள். பெரும்பாலும் தப்பு தண்ணீரில் இருக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் கடினமான தண்ணீர். கெண்டியின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பும் மெக்னீசியமும் பயறின் தோலிலும் செல் சுவர்களிலும் இருக்கும் பெக்டின் என்ற பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எவ்வளவு கொதிக்கவிட்டாலும் தோல் இளகாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் தெருவாக இருந்தால் பயறு ஊறவைக்கவும் வேகவைக்கவும் அந்தத் தண்ணீரையே ஒதுக்கி வையுங்கள். போர் தண்ணீரைத் துணி துவைக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம். காவிரித் தண்ணீர் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த இரண்டு மாவட்டத்தின் நிலத்தடி நீரிலும் பல இடங்களில் புளோரைடு அதிகம், 2013-ல் அந்தத் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதிக்கவைத்தால் புளோரைடு போகும் என்று சிலர் சொல்வது தவறு. தண்ணீர் ஆவியாகப் போக, மீதித் தண்ணீரில் அது இன்னும் செறிவாகத்தான் இருக்கும். களிக்கும் குழம்புக்கும் நாம் எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறோம் என்று பாருங்கள். எல்லாம் வயிற்றுக்குள்தான் போகிறது.

போர் தண்ணீரை விட்டால் வழியில்லை என்ற நாளில், கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கடினம் கொஞ்சம் குறையும். புளோரைடு குறையாது, அதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் பழைய சரக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் சூடான கிடங்கில் கிடந்த பயறு என்ன செய்தாலும் பூவாக வேகாது. மலிவு என்று 5 கிலோ வாங்கும் முன் கால் கிலோ வாங்கி வேகவைத்துப் பாருங்கள். மூன்றாவது காரணம் புளியும் தக்காளியும். பயறு வேகும் முன்னே இவை விழுந்தால் புளிப்பு தோலை இளகவிடாது. உப்பு போட்டால் வேகாது என்று சொல்வார்கள். உண்மையில் ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டால் தோல் சீக்கிரம் இளகும். சோடா உப்பு போடுவது எளிதான வழிதான். ஆனால் பி1 வைட்டமின் அழியும், சோப்பு வாடை வரும். வேறு வழியே இல்லாவிட்டால் ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செய்முறை: 200 கிராம் கொள்ளைக் கல் பார்த்து, கழுவி, ராத்திரி படுக்கும் முன் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 6 டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றி, கால் டீஸ்பூன் மஞ்சள் போட்டு 5 லிட்டர் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வரும்வரை பெரிய தீ, வந்ததும் சிறு தீயில் 20 நிமிடம். அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். அந்த அடங்கும் நேரத்திலும் வெந்துகொண்டுதான் இருக்கும், அதற்குக் கேஸ் செலவில்லை. விசிலை எண்ணுவது குக்கருக்குக் குக்கர் மாறும். நிமிடத்தைப் பாருங்கள்.

இப்போது வடிகட்டுங்கள். ஒரு வேகவைப்பில் இரண்டு வேளைக்குக் குழம்பு கிடைக்கிறது. மலிவான சமையலின் முழுக் கணக்கும் இதில் அடக்கம்.

வடித்த தண்ணீர் நாலு டம்ளருக்குக் குறையாமல் இருக்கும், அது மதியத்துக்கு ரசம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு தக்காளியைப் பிசைந்து போட்டு, மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு 6 பல், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நசுக்கிச் சேருங்கள். வேகவைத்த கொள்ளில் இரண்டு கரண்டியை அரைத்து இதில் கலந்தால் ரசம் தண்ணியாக நிற்காது, சோறும் குறைவாகவே இழுக்கும். நுரை கட்டி ஓரம் பொங்கும்போதே இறக்குங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் மிளகு வாசனை போய்விடும்.

மீதிக் கொள்ளு ராத்திரிக் களிக்குக் கடைசல். மண்சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, வரமிளகாய் 5, சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு 8 பல், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு தக்காளி வதக்கி, கொள்ளைப் போட்டு, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து மத்தால் கடையுங்கள். சின்ன வெங்காயம் விலை ஏறிய மாதத்தில் பெரிய வெங்காயம் போதும், பூண்டை மட்டும் குறைக்காதீர்கள். மிக்சியில் அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும். பாதி மசிந்து பாதி முழுசாக இருப்பதுதான் கடைசல். களிக்கு ஊற்றுவதால் தோசை மாவுப் பதத்துக்கு இளக்கமாக வையுங்கள். கெட்டியாக இருந்தால் களி தொண்டையில் இறங்காது, அப்புறம் பிள்ளைகள் களியையே குறை சொல்வார்கள்.

இதே யுக்தியைத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் உப்புச்சாறு என்று இன்னும் எளிமையாகச் செய்வார்கள். ஒரு டம்ளர் காராமணி அல்லது மொச்சையை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, முக்கால் பதத்தில் இரண்டு கட்டு கீரையைப் போட்டு வேகவிட்டு, தண்ணீரை வடித்துவிடுவார்கள். பயறும் கீரையும் தாளித்தால் பொரியல், வடித்த தண்ணீர் சாறு. வரமிளகாய் 6, பூண்டு 6 பல், சீரகம், மிளகு, கொஞ்சம் புளி சேர்த்து அம்மியில் அரைத்த காரத்தைத் தனியாக வைத்துவிடுவார்கள். அவரவர் தட்டில் சாறு ஊற்றி, வேண்டிய அளவு காரம் கரைத்து, களியைத் தொட்டு விழுங்குவார்கள். பிள்ளைகளுக்குக் காரம் குறைவாக வைக்கத் தனிக் குழம்பு தேவைப்படாது. எண்ணெய்ச் செலவும் தாளிக்கும் இரண்டு டீஸ்பூனோடு முடிந்தது. சின்னச் சம்பளத்துக்கு இதைவிடக் கச்சிதமான சமையலை நான் பார்த்ததில்லை.

கீரை விஷயத்தில் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் சிறுகீரையோடு நிற்காதீர்கள். மழை பெய்து இரண்டு மூன்று வாரத்தில் காட்டோரம் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை எல்லாம் முளைக்கும். கிராமத்துப் பெண்கள் கலவையாகப் பறித்துக் கூடையில் கொண்டுவருவார்கள். கலவைக் கீரைக் கடைசலுக்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் நீங்களே பறிப்பதானால் கீரையை அடையாளம் தெரிந்தவர் கூட இருக்கட்டும். சாக்கடை ஓரத்திலும், மருந்தடித்த தக்காளித் தோட்டத்து வரப்பிலும் கை வைக்க வேண்டாம். முருங்கை பக்கத்து வீட்டு மரத்திலேயே இருக்கும். கேட்டால் கொடுக்காதவர்கள் குறைவு.

பருவம் பார்த்து வாங்குவது இந்த இரண்டு மாவட்டத்தில் இருப்பவர்களுக்குத் தனி வசதி. மார்கழி, தை மாதங்களில் அவரையும் பச்சை மொச்சையும் சந்தையில் குவியும். தோலை உரித்தால் எடை பாதிக்கும் கீழே இறங்கும், அதை மனதில் வைத்து விலை பேசுங்கள். மொச்சையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் விரலிடுக்கில் பிதுக்கினால் பிதுக்கம்பருப்பு. வேலை அதிகம்தான், பிள்ளைகள் கூட உட்கார்ந்தால் அரை மணி நேரம். மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்கும்போது கொட்டையும் நாரும் எடுத்த புளியை வருஷத்துக்கு 4, 5 கிலோ வாங்கி, கல்லுப்பு தூவி, மண்பானையிலோ ஜாடியிலோ அழுத்தி வைத்தால் கெடாது. சித்திரையிலிருந்து மாங்காய். காற்றில் உதிர்ந்த காய் கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்பாரற்று மலிவாகக் கிடைக்கும். அந்த இரண்டு மாதமும் பருப்புக்கும் குழம்புக்கும் புளிக்குப் பதில் மாங்காயைப் போடுங்கள், பயறு வெந்த பிறகு.

தக்காளிதான் கொஞ்சம் சூதாட்டம். ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் விலை விழுந்தால் பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டுவார்கள். அப்போது 10 கிலோ வாங்கி வந்து தொக்கு கிண்ட ஆசை வரும். ஒன்றரை மணி நேரம் அடுப்பில் சுண்டவைத்தால் தக்காளியில் மிச்சம் பிடித்த காசு கேஸில் போய்விடும், எண்ணெயும் கணக்கில்லாமல் குடிக்கும். வெயிலை வேலைக்கு வையுங்கள். கெட்டியான நாட்டுத் தக்காளியை நாலாக வெட்டி, கிலோவுக்கு 40 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள் பிசறி ஒரு நாள் மூடி வைத்து, சாறு பிரிந்ததும் துண்டுகளை மட்டும் எடுத்து நல்ல வெயிலில் 4, 5 நாள் காயப்போடுங்கள். பிரிந்த சாற்றை வீணாக்காமல் அன்றைய ரசத்துக்கு ஊற்றிவிடுங்கள், உப்பு மட்டும் தனியாகப் போட வேண்டாம். வத்தல் ஒடியும் பதம் வந்தால்தான் டப்பாவில் போடலாம். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். குழம்புக்கு நாலு துண்டு போதும். மேகம் மூடிய வாரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ரேஷன் அரிசியில் வெள்ளையாக, வித்தியாசமாகத் தெரியும் சில மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் அழுத்தியது, 100 மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். எறிய வேண்டாம். பழைய வாடை அடிக்கும் அரிசியை இரண்டு தண்ணீர் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடியுங்கள். வாடை கஞ்சியோடு போய்விடும். வாடை இல்லாத அரிசியைக் குக்கரில் வைப்பதே கேஸுக்கு நல்லது. குக்கருக்குள் அடுக்குப் பாத்திரம் இருந்தால் கீழே பருப்பு, மேலே சோறு என்று ஒரே தீயில் முடிந்துவிடும்.

காலைச் சாப்பாட்டுக்கு முதல் நாள் களியில் இரண்டு உருண்டையை எடுத்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் கையால் கரைத்து, ஒரு டம்ளர் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்தால் ஆளுக்கு ஒரு சொம்பு கூழ். சீக்கிரம் செரிக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் கூட ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை கொடுங்கள். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை தாங்கும். இட்லி வேண்டும் என்றால் ரேஷன் புழுங்கலரிசி 4 டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். பாக்கெட் மாவு வாங்கும் காசில் பாதிகூட ஆகாது. உளுந்தை மட்டும் ஐஸ் தண்ணீரோ குளிர்ந்த தண்ணீரோ தெளித்துத் தனியாக அரையுங்கள், மிக்சி சூடானால் மாவு உப்பாது. ஓசூர்க் குளிரில் ராத்திரி பொங்காவிட்டால் மாவுப் பாத்திரத்தை, அடுப்பு அணைத்த வெந்நீர் அண்டா மேல் வையுங்கள்.

சந்தையில் கருவாடு மலிவாக வரும் நாளில் 100 கிராம் வாங்கி, வெந்நீரில் இரண்டு தடவை அலசி, கால் கிலோ கத்திரிக்காயோடு குழம்பு வைத்தால் நாலு பேருக்குக் களி இறங்கும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகே போடுங்கள். முட்டை வாரத்துக்கு இரண்டு நாள். அவித்துப் போடுவதைவிடக் குழம்பு கொதிக்கும்போது உடைத்து ஊற்றினால் தனியாக அவிக்கும் கேஸ் மிச்சம். ஊற்றியதும் கரண்டி போடாமல் மூடி 5 நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் கலங்கிவிடும்.

மாதக் கணக்கு நாலு பேருக்குச் சுமாராக இப்படி வரும். மதியச் சோற்றுக்கு நாளுக்கு 400 கிராம் என்று 12 கிலோ அரிசி, இட்லிக்கும் நொய்க்கும் மேலே 5 கிலோ. வாரத்தில் ஐந்து ராத்திரி களி என்றால் 9 கிலோ ராகி. பயறு, பருப்பு எல்லாம் சேர்த்து 6 கிலோ: ரேஷன் துவரை 1, கொள்ளு 2, காராமணியும் மொச்சையும் சேர்த்து 2, உளுந்து 1. வேர்க்கடலை ஒன்றரைக் கிலோ. எண்ணெய் 2 லிட்டருக்குள். புளி, வரமிளகாய், மல்லி, மிளகு, சீரகம் தனி. மசாலாப் பாக்கெட் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. மிளகாய் கால் பங்கு, மல்லி முக்கால் பங்கு என்று வறுத்து மில்லில் அரைத்தால் இரண்டு மாதம் ஓடும். பயறு வகையைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை மாதிரி இடத்தில் மொத்தமாக வாங்கலாம், பஸ் செலவு போக மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொண்டு.

பிள்ளைகள் ஐந்து நாளும் களியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு நாளுக்கு அதே மாவில் அடை தட்டுங்கள். இரண்டு டம்ளர் மாவு, ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு பெரிய வெங்காயம், பச்சைமிளகாய் இரண்டு, உப்பு, இடித்த வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி. கோதுமையில் இருக்கும் இழுவை ராகியில் கிடையாது, அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே வெடித்துப் போகும். கை பொறுக்கும் அளவு வெந்நீரை ஊற்றிப் பிசைந்து 10 நிமிடம் மூடி வையுங்கள். நனைத்த துணியில் தட்டி, காய்ந்த கல்லில் துணியோடு கவிழ்த்து, ஓரம் லேசாக எழும்பியதும் துணியை உரித்தெடுங்கள். மூடி போட்டு ஒரு பக்கம் 3 நிமிடம், திருப்பி மூடியில்லாமல் 2 நிமிடம். அடைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். ஆறு அடை வரும். தொட்டுக்கொள்ள முதல் நாள் மிஞ்சிய கொள்ளுக் கடைசலே போதும், கொஞ்சம் கெட்டியாகியிருக்கும், அடைக்கு அதுதான் சரி.